முதலில் கிளம்புங்கள் டீச்சர், அட்டாலி அப்புறம்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி உருண்டைக் கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. சுருக்கித் தருகிறேன்:

“எனக்கு 61 வயது. கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. மாமனார் கட்டிய பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். பையன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். ஈரோட்டில் என் தங்கை இருக்கும் தெருவிலேயே இரண்டு அறை வீடு ஒன்று, மூன்றாவது மாடியில், வாடகைக்கு வருகிறது. அங்கே போய்விட்டால் நினைத்தபோது பூட்டிவிட்டுக் காசி, கயா என்று கிளம்பலாம், மகளிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம். பென்ஷன் வருகிறது, பணத்துக்குக் குறைவில்லை. தடை சாமான்தான். 1987இல் எனக்குப் போட்ட சீர்ப் பாத்திரம் அத்தனையும் அட்டாலியில் (பரணில்) இருக்கிறது. அண்டா, தவலை, சருவம், குடம், போசி என்று எல்லாம் பித்தளையும் வெங்கலமும். கூடவே மாமியார் காலத்துச் சாமான். மூன்று தடவை ஏணி போட்டு ஏறினேன். துடைத்து வைத்துவிட்டு இறங்கினேனே தவிர ஒரு போசியைக்கூடக் கழிக்க முடியவில்லை. பையன் ‘எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு வாங்கம்மா’ என்கிறான், அவனுடைய காலேஜ் புத்தகம் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. கொழுந்தனார் வீட்டில் ‘குடும்பச் சொத்தை விக்கறாங்க’ என்று பேச்சு. என் கணவரின் அறையை இன்னும் திறக்கவே இல்லை. ஊர்க் கிணத்து மோட்டாரெல்லாம் அவர்தான் பழுது பார்ப்பார், அறை முழுக்க அந்தச் சாமான். அவரிடம் தொழில் பழகிய பையன் ஒருவன் ஸ்பேனர் செட்டைக் கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை, அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை. எல்லாவற்றையும் காலி செய்தால்தான் நிம்மதியாகக் கிளம்ப முடியும். முடியவும் இல்லை. இது ஏதாவது மனவியாதியா?”

டீச்சருங்க, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வியாதி இல்லை. சாமானைச் சேர்த்துக் குவித்துக்கொண்டே போகிற ஒரு கோளாறு உண்டு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்தது, அதற்கு முன்பு வேறொரு நோயின் ஒரு கிளையாகப் பார்த்தார்கள். ஆனால் அது வந்தவர் வீட்டில் அடுப்படியில் சமைக்க முடியாது, கட்டிலில் படுக்க முடியாது, பழைய செய்தித்தாளைத் தூக்கிப் போட்டாலும் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி துடிப்பார்கள். உங்கள் வீட்டில் ஆசாரம் (முன்கூடம்) காலியாக இருக்கிறது, அடுப்படி சுத்தமாக இருக்கிறது, அட்டாலியில் இருப்பதையும் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் ஓர் அறையைத் திறக்காமல் இருப்பது மட்டும் நோயாகிவிடாது. காசிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தூக்கம் வராதது அந்த ஒரு ராத்திரியோடு நிற்காமல் வாரக்கணக்கில் போனால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், அப்போது பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வீடு காலி, அப்புறம் ஈரோடு, அப்புறம் காசி. என்னிடம் வருகிறவர்கள் அநேகம் பேர் இந்த வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காலி செய்வது முடிகிற வேலையே இல்லை, அதனால் ஈரோடும் வராது, காசியும் வராது, முட்டி தேய்ந்தபிறகு ‘அன்னைக்கே போயிருக்கலாம்’ என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். நான் சொல்வது இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்லி. முதலில் ஈரோட்டுக்குப் போங்கள். ஒரு குட்டியானை வண்டி கொள்ளும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். ஊர் வீடு அப்படியே இருக்கட்டும், அது வாடகை வீடு இல்லை, நாளைக்கே சாவி கொடு என்று யாரும் நிற்கப் போவதில்லை. மூன்று மாதம் அங்கே இருந்து பாருங்கள். எதைத் தேடி பஸ் ஏறி வந்தீர்களோ அது வேண்டிய சாமான். எது இருப்பதே மறந்துபோனதோ, அதைக் கழிக்க அந்த மூன்று மாதமே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள், நகையை வங்கி லாக்கரில் வையுங்கள், அதற்கு நாமினியும் போடுங்கள். நம் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களுக்கு என்ன நடந்தது என்று கடந்த சில வருடங்களாகச் செய்தியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பயமுறுத்த எழுதவில்லை. நகைக்குக் காவலாக நீங்கள் அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அட்டாலி. ஏணியில் ஏறி நிற்கும்போது உங்களுக்கு அது ஒரே குவியலாகத் தெரிகிறது, அதனால்தான் கை ஓடவில்லை. குவியல் ஒன்றுதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை வேறு வேறு. சிலதைப் பிறந்த வீடு பிடித்திருக்கிறது, சிலதை மாமியார், சிலதைப் பங்காளிகளின் வாய். ஒவ்வொரு கையாகத்தான் விடுவிக்க முடியும்.

உங்கள் சீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987 என்று வருடத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது 1989 மார்ச்சில். அதற்கு முன்பே கல்யாணம் ஆகிப் போய்விட்ட பெண்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நீங்கள் இரண்டு வருடத்தில் தப்பவிட்டீர்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து கல்யாணமான பெண்களையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் அதற்குள் எத்தனை வீடுகளில் அண்ணன் தம்பி பாகம் பிரித்து வேலி போட்டிருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். (வழக்குப் போடச் சொல்லி இதை எழுதவில்லை, கேட்கத் தோன்றினால் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.) நான் சொல்ல வருவது வேறு. நம் பக்கத்தில் காடும் கிணறும் பையனுக்கு, பாத்திரமும் பவுனும் பெண்ணுக்கு என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு ஓடியது. உங்கள் அப்பா வீட்டில் உங்களுக்கு என்று வந்த பங்கு முழுவதும் அந்த அட்டாலியில் இருக்கிறது. பையன் ‘எடைக்குப் போடுங்கம்மா’ என்று சொல்லும்போது உங்களுக்குச் சுருக்கென்று குத்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். தோட்டத்தை விற்பதென்றால் அவனே நாலு பேரைக் கலந்து, நாள் பார்த்துச் செய்வான். உங்கள் பங்கை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்கிறான். அவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அவனைக் கோபிக்க வேண்டாம், ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தக் காலேஜ் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சீராக வந்தது உங்கள் சொந்தச் சொத்து. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, கொழுந்தனார் வீட்டுக்கு அதில் பேச்சே கிடையாது. மாமியார் காலத்துச் சாமான் கதை வேறு, அதைத் தனியாகப் பிரித்து ஆசாரத்தில் இறக்கி வையுங்கள். இறக்கிவிட்டு, பங்காளிகளுக்கும் நாத்தனாருக்கும் போன் போட்டு, ‘அத்தை பாத்திரமெல்லாம் எடுத்து வெச்சிருக்கறனுங்க, வர்ற ஞாயித்துக்கிழமை வந்து வேணுங்கறதை எடுத்துக்கங்க’ என்று சொல்லுங்கள். கிழமையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் பார்த்த வரைக்கும், ‘குடும்பச் சொத்து’ என்று சத்தம் போடுகிறவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருவதில்லை, அவர்கள் வீட்டு அட்டாலியும் நிறைந்துதான் கிடக்கும். வந்து எடுத்துப் போனால் நல்லது. வராவிட்டால் அதற்கப்புறம் பேச அவர்களுக்கு வாய் இருக்காது.

என் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காங்கேயம் பக்கத்தில் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீடு, தொட்டிக்கட்டு வீடு. அம்மிச்சி போனபிறகு மாமா ஒரே மத்தியானத்தில் பாத்திரம் அத்தனையையும் வண்டியில் ஏற்றினார், கல்லூரி லீவில் இருந்த நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எடை போட்ட தவலையைக் கவிழ்த்து, ஒரு சம்மட்டியை எடுத்து நாலு போடு போட்டார், தட்டையாக்கினால்தான் மூட்டையில் நிறையப் பிடிக்கும். அந்தத் தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக அம்மிச்சி பேரும் அதற்குக் கீழே ‘தாய்மாமன் சீர்’ என்றும் வெட்டியிருந்தது. இரண்டாவது போடில் பேர் மடங்கி உள்ளே போய்விட்டது. பித்தளை நசுங்குகிற சத்தம் டங்கென்று வராது, ஒரு மாதிரி அமுங்கி வரும். முப்பது வருடம் ஆகிறது, இன்னும் காதில் இருக்கிறது. மாமா மேல் தப்பில்லை, அந்தச் சாமானை வைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் இடமும் இல்லை. ஆனால் விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை, விற்ற விதத்தில்தான். நான் அன்றைக்குத் தராசிலிருந்து திருப்பி எடுத்தது ஒரு தூக்குப்போசி. அம்மிச்சி காட்டுக்குப் பழைய சோறு கொண்டுபோனது. இப்போது என் மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறேன், அம்மிச்சி பார்த்திருந்தால் ‘சோத்துப்போசியில பேனாவா’ என்று திட்டியிருக்கும்.

பேர் வெட்டிய பாத்திரம்தான் விடுவதற்குக் கஷ்டம், உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும், கடிதத்தில் ‘எங்கள் பெரியப்பா பேர் போட்ட அண்டா’ என்று ஒரே பக்கத்தில் இரண்டு தடவை வருகிறது. கொடுத்தவர் அதில் நின்றுகொண்டிருக்கிறார், அவரை எப்படி எடைக்குப் போடுவது. இந்த வழக்கம் பாத்திரத்தில் தொடங்கியதும் இல்லை. கரூர் பக்கம் புகளூரில் ஆறுநாட்டார் மலை இருக்கிறதே, அங்கே பாறைக் குகையில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன, சுமார் 1,800 வருடத்துக்கு முந்தியவை. எல்லாவற்றையும் விட்டவருக்கும் முதுகு சாய்க்க ஒரு கல் தேவைப்பட்டது. அந்தக் கல்லிலும் செங்காயபன் என்ற துறவியின் பேரையும், வெட்டிக் கொடுத்த சேர அரச குடும்பத்தின் பேரையும் மூன்று தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சாமான் இல்லாதவருக்குக் கொடுத்ததிலும் பேரை வெட்டாமல் விடவில்லை!

கல்வெட்டு ஆய்வாளர்கள் பாறையைப் பெயர்த்துக்கொண்டா போகிறார்கள்? ஈரத் தாளை ஒட்டி, மை தடவிப் படியெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் காசுக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க வைத்திருப்பீர்கள் இல்லையா, அதேதான். மெல்லிசான தாள், மொட்டையாகத் தேய்ந்த பென்சில், பாத்திரத்தின் கழுத்தில் தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சாய்வாகத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகப் பேரும் தேதியும் எழுந்து வரும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் கொடுத்தவர் யார், என்ன முறை, அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி ஒரு நோட்டில் ஒட்டுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அண்டா வேண்டாம், நாற்பது பக்க நோட்டு நிச்சயம் வேண்டும். போனில் படம் எடுப்பதும் சரிதான், ஆனால் போன் படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கையால் தேய்த்தது வேறு. தேய்க்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தப் பாத்திரத்தோடு பேச வேண்டியதைப் பேசியும் முடித்துவிடுவீர்கள்.

அதற்கப்புறம் பெரிய பாத்திரங்கள் எங்கே போகலாம் என்றால், என் முதல் யோசனை உங்கள் குலதெய்வக் கோயில். பொங்கல் வைக்க, அன்னதானத்துக்கு அண்டா அங்கேதான் வேலை செய்யும். ஆனால் முதலில் கேளுங்கள், பல கோயில்களில் குத்துவிளக்கு மட்டும் வைக்க இடமில்லாத அளவுக்குச் சேர்ந்து கிடக்கிறது, அண்டா பற்றாக்குறை. அவர்களுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுங்கள், நாம் கழிக்க நினைப்பதைச் சாமி தலையில் கட்டுவது காணிக்கை ஆகாது.

விற்கத்தான் வேண்டும் என்றால் பித்தளை, செம்பு, வெங்கலம் மூன்றையும் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். மூன்றுக்கும் விலை வேறு, ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு போனால் எல்லாமே பித்தளை விலைக்குத்தான் போகும். சந்தேகமாக இருந்தால் விரலால் சுண்டிப் பாருங்கள், வெங்கலம் கணீரென்று இழுத்து நிற்கும். அப்புறம் வாங்குகிறவரிடம் ‘நான் போனபிறகு நசுக்குங்க’ என்று சொல்லிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அவர் சொல்லும் விலை உங்களுக்கு அவமானமாகக்கூடப் படலாம், அதற்கும் தயாராக இருங்கள். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் குவளை ஒன்றைச் சும்மா கொடுத்து, அதை என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள், குவளை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரை மணி நேரம்கூட வைத்திருக்காத குவளைக்கே அப்படியென்றால் கிட்டத்தட்ட 40 வருட அண்டாவுக்கு எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள், நீங்கள்தான் டீச்சர். கடைக்காரர் உலோகத்துக்குத்தான் விலை சொல்கிறார், மற்றது ஏற்கெனவே நோட்டில் ஒட்டியாகிவிட்டது.

மகளிடமும் மகனிடமும் வீடியோவில் காட்டி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றுதான், இரண்டு என்றால் யோசிக்காமல் கேட்பார்கள், ‘இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்மா’ என்பார்கள், மறுபடி உங்கள் அட்டாலிதான். பேரன் பேத்திக்கு ஆகும் என்று எதையும் எடுத்து வைக்காதீர்கள். அவர்களுக்கு ஆகாது.

இதெல்லாம் பித்தளை. வீட்டில் இருக்கிற மற்றச் சாமானில் முக்கால்வாசிக்கு இவ்வளவு யோசனை தேவையே இல்லை. கல்யாண வீட்டு மஞ்சப்பை, கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணம், மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பா, ஆசிரியர் தினத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், இவற்றில் ஆரம்பித்தால் கை பழகும். எடுத்த எடுப்பில் போட்டோ ஆல்பத்தைத் திறக்காதீர்கள், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். சீலை விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எனக்கே அதில் யோக்கியதை கிடையாது. காகிதத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, பென்ஷன் உத்தரவு, கிணத்து மின் இணைப்புச் சம்பந்தப்பட்டது, இவை ஒரு பையில் உங்களோடு ஈரோட்டுக்கு வரட்டும். மின் இணைப்பு இன்னும் உங்கள் கணவர் பேரிலேயே இருந்தால் மாற்றிவிடுங்கள். மொய் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது சாமான் கணக்கில் வராது, கடன் கணக்கு.

இன்னொன்று. வீடு அடைசலாக இருப்பது உங்களை உறுத்துகிற அளவுக்கு அவரை உறுத்தியதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு ஆய்வாளர்கள், கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் அவரவரையே வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள், கூடவே எச்சிலில் கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள், 2010இல் கட்டுரையாக வந்தது. ‘சாமான் இறைந்து கிடக்கு, முடிக்காத வேலை கிடக்கு’ என்று பேசிய பெண்களுக்குக் காலையிலிருந்து படிப்படியாக இறங்க வேண்டிய கார்ட்டிசால் சரியாக இறங்கவில்லை. ஆண்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அதே கூடம், அதே குப்பை. ‘இதை எடுத்து வைக்கணுமே’ என்ற நினைப்பு யார் தலையில் ஓடுகிறதோ அவருக்குத்தான் அது பாரம். இது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை.

அவர் அறைக்கு வருகிறேன், இதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தது நானும்தான்.

அந்த அறைக்குக் கெடு எதுவும் வைக்காதீர்கள். வருடத்தேதிக்குள் திறக்க வேண்டும், காசிக்குப் போவதற்குள் திறக்க வேண்டும் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்ய வேண்டாம். பூட்டிய அறையோடு வீட்டை விட்டுவிட்டுப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்பேனர் செட்டைக் கொடுக்காத அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த வரியை நான் பலமுறை படித்தேன். சாமானை விட மனமில்லை என்றால் கொடுக்காமல் வந்தபிறகு நன்றாகத் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது யாரிடம் போக வேண்டும் என்று உங்களுக்குள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, கதவைத் திறக்கத்தான் தனியாக முடியவில்லை.

அதனால் தனியாகத் திறக்காதீர்கள். அந்தப் பையனை வரச் சொல்லுங்கள். அவனுக்கு அங்கே எது எங்கே இருக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டி ‘முக்கால் இஞ்ச் வாசர்’, ‘பழைய பேரிங் - ஓடும்’ என்று வரிசையாக வைத்திருப்பார் என்று கடிதத்தில் ஓர் ஓரமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்களுக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்தால் கையெழுத்து தெரியும், அவனுக்கு வாசர் தெரியும். அவன் ஒவ்வொன்றாக எடுத்து ‘இது எந்தத் தோட்டத்து மோட்டாருங்கம்மா, தெரியுமா’ என்று கதை சொல்வான், நீங்கள் கேட்டிராத கதையெல்லாம் வரும். ஸ்பேனர், கெப்பாசிட்டர், ஃபூட் வால்வு எல்லாம் அவன் வண்டிப் பெட்டிக்குப் போகட்டும், ஊர்க் கிணத்தில் அவர் கை இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே ஒரு பாட்டிலை, சீட்டுக் கிழியாததாகப் பார்த்து, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓடும்’ என்று எழுதினதை எடுங்கள் என்பது என் சொந்த ஆசை.

அவர் வேட்டி சட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் நூறு சாமானோடு வாழ்கிறேன், ஐம்பதோடு வாழ்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து நீங்களும் எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். வேண்டுமென்றால் ராத்திரி போனில் தட்டிக் காலையில் வாங்கிவிடலாம் என்ற தைரியம் இருப்பவருக்கு விடுவது சுலபம். ஒரு போசி ஓட்டையானால் ஈயம் பற்றவைக்கிறவர் வரும்வரை ஆறு மாதம் காத்திருந்த தலைமுறை நாம். நமக்கு விடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குட்டியானையில் என்ன ஏற்றலாம் என்று கேட்பீர்கள். கட்டில் ஒன்று, மெத்தை, மிக்ஸி, கேஸ் அடுப்பு, நாலு பேர் வந்தால் சமைக்கிற அளவுக்குப் பாத்திரம், பத்துச் சீலை (சரி, இருபது), புத்தகம் ஒரு பெட்டி, சாமி படம், காகிதப் பை, அந்த நோட்டு, அந்தப் பாட்டில். பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கை வீட்டுப் பிள்ளைகள் வந்தால் விரிக்க ஆகும். சீர்ப் பாத்திரத்தில் தினமும் கை படுகிற மாதிரி ஒன்று, குடிக்கிற சொம்போ போசியோ, நீங்களே பாருங்கள். எந்த போசி என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஆட்டாங்கல்லைக் கேட்டு யாராவது வந்தால் உடனே கொடுத்துவிடுங்கள், மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை.